வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த மூன்று வயதுக் குழந்தை: வீட்டுக்கு வந்த பிறகு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறொரு நாட்டின் குழந்தைகள் இல்லத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து வந்து ஏழு வாரம் ஆகிறது. அவள் அப்பாவை விட்டு அகலுவதில்லை. அம்மா தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள். சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்கிறாள். "எங்களிடம் என்ன குறை? அவள் பேசும் மொழியை என்ன செய்வது? பிறப்பைப் பற்றி எப்போது சொல்வது? விடுப்பு முடியப்போகிறது, பள்ளியில் சேர்த்துவிடலாமா?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

தத்தெடுத்த குடும்பங்களோடு நீண்ட காலம் வேலை செய்தவன் நான். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூட எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. உங்கள் கணக்கில் ஏழு வாரத்துக்கு முன் ஒரு குழந்தை வீட்டுக்கு வந்தது. அவள் கணக்கில் ஏழு வாரத்துக்கு முன் எல்லாமே போய்விட்டது: ஊட்டிவிட்ட கை, பக்கத்துக் கட்டிலில் தூங்கிய பிள்ளைகள், சுற்றிலும் கேட்ட பேச்சு, அந்த இடத்தின் வாசனை எல்லாம். யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. அவள் செய்வதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

முதல் ஓராண்டுக்கு 'என்மேல் பாசம் வந்துவிட்டதா' என்று அளந்து பார்க்காதீர்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கீழே விழுந்தால், பயந்தால், வயிறு வலித்தால் அவள் யாரைத் தேடிப் போகிறாள்? இப்போது ஒருவேளை யாரையும் தேடாமல் எழுந்து துடைத்துக்கொண்டு போகலாம். அழுதாலும் யாரும் வராத இடத்தில் வளர்ந்த குழந்தைகள் அழுவதையே நிறுத்திவிடுவார்கள். "ரொம்ப சமத்து, அழவே மாட்டாள்" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை வரும். சில மாதம் கழித்து அதே குழந்தை சின்னக் கீறலுக்கும் வீடு அதிர அழுது உங்களிடம் ஓடிவந்தால், அது முன்னேற்றம். அடம், கத்தல், பொருளை வீசுவது எல்லாம் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் கூடுவது சகஜம். இங்கே கத்தினாலும் தன்னைத் திருப்பி அனுப்பாமல் இருப்பார்களா என்று அவள் சோதித்துப் பார்க்கிற காலம் அது.

சரி, அம்மாவை ஒதுக்குவது. இரண்டு பேரில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்வது இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான். இல்லங்களில் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் ஒருத்தியிடம் அவள் ஒட்டிப் பழகியிருந்தால், அந்த இடத்தில் இன்னொரு பெண்ணை ஏற்பது அவளுக்குத் துரோகம்போல இருக்கலாம். மாறிமாறிப் பலர் வந்து போயிருந்தால், பெண்கள் என்றாலே போய்விடுபவர்கள் என்று நினைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

இதில் வேலை அதிகம் அப்பாவுக்குத்தான். அவர் மறைந்துபோகக் கூடாது. ஆனால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா கைக்கு விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குப் பிடித்தது எதுவானாலும் அம்மா கையிலிருந்து வரட்டும். கட்டிப்பிடிக்கச் சொல்லாதீர்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்கு எதையாவது அடுக்கிக்கொண்டிருங்கள். முகத்துக்கு நேரே உட்காருவதைவிடப் பக்கவாட்டில் உட்காருவது இந்தக் குழந்தைகளுக்குச் சுலபமாக இருக்கிறது. தலை வாருவது, கிரீம் தடவுவது, துண்டால் துவட்டுவது என்று காரணத்தோடு தொடும் தொடுதலை அவள் முதலில் ஏற்பாள். அணைப்பு அப்புறம் வரும்.

யார் மடியிலும் ஏறிக்கொள்வதுதான் நீங்கள் எழுதியதில் நான் அதிகம் கவனிப்பது. உறவினர்கள் "எவ்வளவு நல்லாப் பழகுறா!" என்று மகிழ்வார்கள். ஆனால் ஆட்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும் இடத்தில், சிரித்துக்கொண்டு முதலில் ஓடிவரும் குழந்தைக்குத்தான் கவனிப்பு கிடைக்கும். அவள் கற்றுக்கொண்ட பிழைப்பு அது. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு, அங்கிருந்து பிரிட்டன் குடும்பங்களுக்கு வந்த 165 குழந்தைகளை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஆறு மாத வயதுக்குள் இல்லத்தை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டனுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப்போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்கள் சிலரிடம் கவனக்குறைவும், அறியாதவரிடம் அளவில்லாமல் ஒட்டுவதும் பெரியவர்கள் ஆன பின்னும் நீடித்தன. ஆனால் அதே பிரிவில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் குறிப்பிடும்படியான பிரச்சினையே வரவில்லை. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் 136 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களில் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு ஒருவரிடம் பற்றுக்கொள்வது சுலபமாக வந்தது. அந்த ருமேனிய இல்லங்களின் நிலைமை மிக மோசம். உங்கள் மகள் இருந்த இடம் அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. இதைப் படித்துப் பயப்படுவதைவிட, இப்போதே வேலையில் இறங்குவது நல்லது.

வேலை என்றால், அவள் உலகத்தைச் சில மாதம் சின்னதாக்குவது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்கவைப்பது, அழும்போது தூக்குவது இந்த ஐந்தும் நீங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் வரலாம், கொஞ்ச நேரம் விளையாடலாம். அவள் மடியில் ஏற வந்தால் "அம்மாகிட்ட போகலாம் வா" என்று கொண்டுவந்து உங்களிடம் விட வேண்டும். தாத்தா, பாட்டிகளுக்கு இது வலிக்கும். பேத்திக்காக ஏங்கிக் காத்திருந்தவர்களிடம் "தூக்காதீர்கள்" என்று சொல்வது லேசான காரியமில்லை. அப்பா வீட்டாரிடம் அப்பாவும், அம்மா வீட்டாரிடம் அம்மாவும் பேசுங்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு கதையாகிவிடும். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: சமைத்துக் கொடுப்பது, துணி மடிப்பது, கடைக்குப் போய்வருவது. முதல் மாதங்களில் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான். பெரிய வரவேற்பு விழா வைக்கும் யோசனை இருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாட்டை ஒளிப்பதற்குத் திட்டாதீர்கள், தேடி எடுத்து வெளியே போடாதீர்கள். கெட்டுப்போகாத தின்பண்டம் நிரப்பிய சின்ன டப்பா ஒன்றை அவளுடையது என்று கொடுத்துவிடுங்கள். அவள் எட்டும் உயரத்தில் இருக்கட்டும், எப்போது திறந்தாலும் நிறைந்திருக்கட்டும். நாளுக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பாள். பிறகு மறந்தே போவாள். உணவைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். வயிறு நிறைந்ததே தெரியாமல் சாப்பிடும் குழந்தைகள் உண்டு. நீர்த்த கஞ்சி போன்றதை மட்டுமே சாப்பிட்டு, மெல்லத் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. மூன்று வயதில் கட்டியான உணவைத் துப்பினால் அடம் என்று முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் அவளைத் தனியறையில் படுக்கவைக்காதீர்கள். பல பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் தூங்கியவளுக்கு இருட்டும் அமைதியும் தனிமையும் சேர்ந்தால் அதுவே பயம். கட்டிலை உங்கள் அறையில் போடுங்கள். "அழட்டும், தானாகத் தூங்கிவிடும்" என்ற யோசனையை யார் சொன்னாலும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். அழுதால் ஆள் வரும் என்பதையே அவள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். தப்புச் செய்தால் தனியாக அறையில் உட்காரவைப்பதற்கும் இதே பதில். கண்டிப்பு வேண்டும், ஆனால் உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கண்டியுங்கள். அப்புறம், அங்கிருந்து அவள் போட்டுவந்த உடையையோ கொண்டுவந்த போர்வையையோ இன்னும் துவைக்காமல் வைத்திருந்தால் துவைக்காதீர்கள். அந்த வாசனை அவளுக்குத் தேவைப்படும்.

மருத்துவப் பரிசோதனை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை என்பது பொது வழக்கம். செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிஃபிலிஸ், காசநோய், ரத்தசோகை, ரத்தத்தில் ஈயம், தைராய்டு, குடல் ஒட்டுண்ணிகள், காது, கண் என்று பட்டியல் நீளம். அங்கே செய்த பரிசோதனைத் தாள் கையில் இருந்தாலும் திரும்பச் செய்வார்கள். ஹெபடைடிஸ், எச்ஐவி இரண்டையும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. தடுப்பூசிப் பதிவு நம்பும்படி இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தியைச் சோதிப்பார்கள் அல்லது மறுபடி போடுவார்கள். இல்லத்தில் இருந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நல்ல சாப்பாடும் கவனிப்பும் கிடைத்ததும் பலர் வேகமாகப் பிடித்துவிடுகிறார்கள். பெண் குழந்தைகள் சிலர் வழக்கத்துக்கு முன்பே பூப்படைவது இந்தப் பிரிவில் அதிகம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். ஏழு, எட்டு வயதில் அடையாளம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பின்னணிக் குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீல மச்சம் இருக்கும். பார்க்கிறவருக்கு அடிபட்ட கன்றல்போலத் தெரியும். அதை முதல் பரிசோதனையிலேயே மருத்துவர் குறிப்பில் எழுதவைத்துவிடுங்கள். பின்னால் பள்ளியில் யாராவது சந்தேகப்பட்டால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

மொழி. இதற்குத்தான் அவசரம் அதிகம். மூன்று வயதுக் குழந்தை, பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டால், தன் மொழியைச் சில மாதங்களிலேயே விட்டுவிடும். புதிய மொழி அதற்குள் நிரம்பியிருக்காது. இடையில் எந்த மொழியுமே போதாத ஒரு காலம் வரும், அடம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அவள் மொழியில் அவசியமான சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்: வலிக்கிறதா, பசிக்கிறதா, பயமா, இதோ வருகிறேன், போக மாட்டேன். உச்சரிப்பு மோசமாக இருந்தால் பரவாயில்லை. அவள் பேசுவதை இப்போதே பதிவு செய்து வையுங்கள். அந்த மொழி தெரிந்த பேச்சு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். தன் சொந்த மொழியிலேயே பின்தங்கியிருந்தாளா என்பதை அது மறையும் முன்புதான் கண்டுபிடிக்க முடியும். ஓராண்டு கழித்துப் போனால் "புது மொழிதானே, வந்துவிடும்" என்று அனுப்பிவிடுவார்கள்.

இழந்த மொழி முழுவதும் போய்விடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2003-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், சிறுவயதில் கொரியாவிலிருந்து தத்து வந்தவர்களுக்குக் கொரிய மொழியைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்ற பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வேறுபாடு தெரியவில்லை. 2014-இல் மாண்ட்ரியலில், சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் தொனிகளைக் கேட்கவைத்தபோது, அவர்கள் மூளை அந்த மொழி தெரிந்தவர்களுடையதைப்போலவே இயங்கியது. நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப் பிள்ளைகள், பெரியவர்களான பின் கொரிய ஒலிகளை மற்றவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டதாக 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. என் கருத்து: அந்த மொழி பேசும் குடும்பமோ பாட்டோ வகுப்போ கிடைத்தால் விடாதீர்கள், கிடைக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். அந்த மொழியைக் கேட்டதும் அவள் மிரண்டால் அப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அதைப் பேசுகிறவர்கள் திரும்பக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு.

பெயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வயதில் அவளுக்குத் தன் பெயர் தெரியும். எல்லாம் போன பிறகு அவளிடம் மிச்சமிருப்பது அது. புதுப்பெயர் வைக்க ஆசை என்றால் அதோடு சேர்த்து வையுங்கள்.

பிறப்பைப் பற்றி எப்போது சொல்வது என்பதற்கு, இன்றே என்பதுதான் என் பதில். புரியுமா என்று பார்க்க வேண்டாம். குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் "நீ அந்த ஊரில் பிறந்தாய், இன்னொரு அம்மா வயிற்றில் இருந்தாய், அப்புறம் இல்லத்தில் இருந்தாய், அப்புறம் நாங்கள் விமானத்தில் வந்தோம்" என்று சொல்லிப் பழகுங்கள். அவளுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, உங்கள் நாக்கு தடுமாறாமல் இருப்பதற்கு இந்தப் பழக்கம் உதவும். இல்லத்தின் படம், பார்த்துக்கொண்டவர்களின் படம் என்று ஒரு சின்ன ஆல்பம் போடுங்கள்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "உன்மேல் பாசம் இருந்ததால்தான் உன் அம்மா உன்னைக் கொடுத்தாள்" என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் பாசம் வைத்தவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் குழந்தை அதைப் புரிந்துகொள்ளும். நீங்களும் பாசம் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்களே? "நீ அதிர்ஷ்டசாலி" என்பதும் வேண்டாம். நன்றிக்கடன் சுமந்து வளர்வது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்.

அவளுடைய தத்தெடுப்புக் கோப்பில் எழுதியிருப்பதை முழு உண்மை என்று அடித்துச் சொல்லாதீர்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பது 2004 வாக்கில் உச்சத்துக்குப் போனது, அந்த ஒரே ஆண்டில் உலக அளவில் சுமார் 45,000 குழந்தைகள். அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்தது. 2024-இல் சீனா, நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டது. குறைந்ததற்குக் காரணங்களில் ஒன்று, பழைய கோப்புகளில் வெளிவந்த முறைகேடுகள். பெற்றோர் இருந்த குழந்தைகளை அனாதை என்று பதிந்து அனுப்பியது உட்படப் பலவற்றை, 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் உறுதிசெய்தது. ஆகவே "உன்னை வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்" என்று சொல்லாமல் "அந்தத் தாளில் இப்படி எழுதியிருக்கிறது" என்று சொல்லுங்கள். குழந்தையின் பூர்வீகத் தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் சர்வதேச உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் நடைமுறையில் பத்திரமாக வைத்திருக்கப்போவது நீங்கள்தான். எல்லா அசல் தாள்களையும், உறை, கைக்குறிப்பு உட்பட, நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

குடியுரிமைத் தாள்களைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 2000-இல் வந்த சட்டம் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை கொடுத்தது. ஆனால் அது 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது 18 வயது நிரம்பியிருந்தவர்கள் வெளியே நின்றார்கள். பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால் குடியுரிமை இல்லாமல்போய், குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்தவர்கள் நடுவயதில் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

வெளியே போகும்போது "சொந்த அம்மா யாரு?", "எவ்வளவு செலவாச்சு?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். "நான்தான் அம்மா", "அது அவளுடைய விஷயம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்குத் திருப்தியா என்று பார்க்காதீர்கள், பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவள் உங்கள் கையைப் பிடித்து நிற்கிறாள். அவள் தோற்றம் உங்களிடமிருந்து வேறுபட்டால், தன்னைப்போல இருக்கும் பெரியவர்களை அவள் அடிக்கடி பார்த்துப் பழக வேண்டும். ஆண்டுக்கு ஒரு விழா மட்டும் போதாது.

கடிதத்தின் கடைசியில் "சில நாள் எனக்கு அவள்மேல் எதுவுமே தோன்றுவதில்லை" என்று எழுதிவிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பு எதற்கு? பல ஆண்டு காத்திருந்து, அலைந்து, கடைசியில் தட்டிவிடும் ஒரு கையோடு வீடு திரும்பியிருக்கிறீர்கள். தத்தெடுத்த பிறகு மனச்சோர்வு வருவது உண்மை, அப்பாக்களுக்கும் வரும். தூக்கம் போவது, காரணமில்லாத அழுகை, குழந்தையின் பக்கம் போகவே மனம் வராதது இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சொன்னால் குழந்தையைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள் பலர். உதவி கேட்ட பெற்றோரைத்தான் நல்ல சமூகப் பணியாளர் நம்புவார். பாசம் தாமதமாக வரலாம். அதுவரை பாசம் இருப்பதுபோல நடந்துகொள்வது ஏமாற்று வேலை ஆகாது.

பள்ளி. முடிந்தால் ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள், ஓராண்டு என்றால் இன்னும் நல்லது. ஒரே அறை, நிறையப் பிள்ளைகள், முறை மாறும் ஆசிரியர்கள் என்றால் அவளுக்கு அது இன்னொரு இல்லம்போலத்தான் தெரியும். விடுப்பு கிடைக்கவில்லை என்றால், இருவரும் வேலை நேரத்தை மாற்றிப் போட்டு ஒருவராவது வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதென்றால், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள், மாறாத ஆள், பள்ளியைவிட மேல். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அரை நாளில் தொடங்குங்கள். முதல் வாரங்களில் நீங்களும் அங்கேயே உட்காருங்கள். கிளம்பும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். உங்கள் துப்பட்டாவோ கைக்குட்டையோ அவள் பையில் இருக்கட்டும். ஆசிரியரிடம் அவள் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரை அவளுக்குப் பொறுப்பாக்கச் சொல்லுங்கள். விழுந்தால் அந்த ஒருவர் தூக்கட்டும், மாலையில் உங்களிடம் அதைச் சொல்லட்டும். குடும்ப மரம் வரைவது, பிறந்த குழந்தைப் படம் கொண்டுவருவது போன்ற பாடங்கள் வந்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.